நாகரத்தினம்மாள் காட்டிய வழி

தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் பழந்தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பெங்களூரின் இப்பகுதிக்குத் தமிழர் வருகை புதிதன்று. இன்று அங்கே வாடகை வீடு தேடுவோருள் மென்பொருள் பொறியாளர்களோடு, வயலினும் மிருதங்கமும் சுமந்து வரும் இளைஞர்களும் உளர். மாத ஊதியமின்றி இசையையே தொழிலாகக் கொள்ளும் இவர்களுக்கு இராகத்தைப் பற்றிச் சொல்லப் பலர் இருக்கின்றனர். பணத்தைப் பற்றிச் சொல்வோர் குறைவு.

கலைஞர் கணக்குப் பார்க்கலாகாது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அது பிழை என்பதற்குப் பெங்களூர் நாகரத்தினம்மாளே சான்று. 1878-இல் நஞ்சன்கூட்டில் பிறந்த அவர், கன்னட நாட்டிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்து கச்சேரிகளால் பொருளீட்டினார். சென்னையில் வருமான வரி செலுத்திய முதல் பெண் கலைஞர் என அவர் குறிப்பிடப்படுகிறார். தம் சேமிப்பைக் கொண்டு திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். அதற்குக் குடமுழுக்கும் நிகழ்ந்தது. சேமிப்பு இல்லையேல் அப்பணி கைகூடியிராது.

புதிய ஊரில் அறிமுகமற்ற கலைஞர், மேடை தருகிறோம், சன்மானம் பிறகு என்பவர்க்கு எளிதில் இணங்கிவிடுவார். ஓரிரு முறை இணங்கலாம். வழக்கமானால் தமக்கும் பின்வருவோர்க்கும் மதிப்புக் குறையும். தொகை, பயணச் செலவு, பணம் தரும் நாள் ஆகிய மூன்றையும் மின்னஞ்சலிலேனும் எழுதிப் பெறுதல் நன்று.

இசை வருவாய் பருவமழை போன்றது. பெங்களூரில் இராமநவமி இசைவிழாக் காலத்தில் பெருகும். திருமணங்கள் நடைபெறாத ஆடியில் வற்றும். ஆகவே வரும் பணம் முழுவதையும் தனிக் கணக்கில் சேர்த்து, மாதந்தோறும் ஒரே தொகையைத் தமக்கு ஊதியமாக எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதச் செலவுக்கான இருப்பு சேரும்வரை புதிய வாத்தியம் காத்திருக்கட்டும். மாணவர்க்குக் கற்பித்தல் மெலிந்த மாதங்களைத் தாங்கும். சொந்தமாகப் பாடல் இயற்றுவோர், 1969-இல் தொடங்கப்பெற்ற இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்தில் உறுப்பினராகலாம். இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஆகியோரின் உரிமத்தொகைப் பங்கை 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திருத்தம் வலுப்படுத்தியுள்ளது.

இவை கலைக்குப் புறம்பான கவலைகள் எனச் சிலர் கருதலாம். ஆனால் வாடகைக்காக ஒவ்வாத மேடையை ஏற்க நேரும்போதுதான் கலை தாழ்கிறது. வேண்டாததை மறுக்கும் துணிவைச் சேமிப்பே தருகிறது. புலம்பெயர்ந்த கலைஞர் அன்றாடச் சாதகத்திற்கு அடுத்தபடியாகக் கைவிடலாகாத பழக்கம், வரவு செலவு எழுதுதல்.