பட்டதாரிக்கும் செவிலியர் வாசல் திறக்கட்டும்

குமரி மாவட்டத்துக்குச் செவிலியர் பணி புதிதல்ல. 1838இல் மருத்துவ மிஷன் தொடங்கிய நெய்யூரும், புத்தேரி கேத்தரின் பூத் மருத்துவமனையும் தலைமுறை தலைமுறையாகச் செவிலியரை உருவாக்கி வருகின்றன. வளைகுடாவுக்குப் போன அக்காவின் சம்பளத்தில் தம்பி பி.இ. முடித்த வீடுகளும் இங்கே உண்டு. வேலை அமையாத அந்தத் தம்பி அக்காவின் வழியில் போக நினைத்தால்தான் சிக்கல்.

அமெரிக்காவில் வேறு பட்டம் பெற்றவர்கள் 11 முதல் 18 மாதங்களில் செவிலியர் பட்டம் பெற முடிகிறது. இங்கே பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. எத்தனை பட்டம் வைத்திருந்தாலும் முதலாண்டிலிருந்துதான். பிளஸ் டூவில் உயிரியலும் படித்திருக்க வேண்டும். கணினிப் பிரிவில் படித்தவருக்கு மிச்சம் 3 ஆண்டு டிப்ளமோ. பிறகு பட்டத்துக்கு மேலும் 2 ஆண்டு. கல்விக் கடன் அதுவரை காத்திருக்குமா?

வார்டுப் பயிற்சியைக் குறைக்கச் சொல்லவில்லை. குளுக்கோஸ் சொட்டைக் கடிகாரம் பார்த்து எண்ணுவதும், படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும் அவசரத்தில் கைவராது. ஆனால் ஆங்கிலத்தையும் உளவியலையும் ஏற்கெனவே கல்லூரியில் தேறியவரை மறுபடி எழுத வைப்பானேன்? உயிரியலுக்கு ஓர் இணைப்புப் படிப்பு, தேறிய பாடங்களுக்கு விலக்கு என இந்திய நர்சிங் கவுன்சில் தனிப் பாதை வகுக்க வேண்டும்.

அதுவரை, ‘ஆறே மாதத்தில் நர்ஸ்’ என்னும் விளம்பரங்களை நம்பாதீர்கள். தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாத சான்றிதழுக்குக் கட்டணம் கட்ட வேண்டாம்.