விலை பேசுமுன் வீட்டை நிறுத்துப் பாருங்கள்

பால்மரம் வெட்டிய கைகளுக்கு நிறுவையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பால் ஸ்டோரில் வாளியை இறக்கியதும், எத்தனை லிட்டர் என்று மட்டும் பார்த்து எழுதிவிட மாட்டார்கள். மெட்ரோலாக்கைப் போட்டு, அந்தப் பாலில் ரப்பர் எவ்வளவு என்று கணக்கெடுப்பார்கள். நூறு பங்கு பாலில் சுமார் முப்பதிலிருந்து நாற்பது பங்குதான் ரப்பர். மற்றது பெரும்பாலும் தண்ணீர். அந்தக் கணக்கில் ஒரு புள்ளி குறைந்தாலும், "என்னங்க கிராணியாரே, நேத்து இதே நிரையிலதானே வெட்டினேன்?" என்று கேட்ட வாய் நம்முடையது.

அப்படிப்பட்ட நாம், ஆயுளில் ஒரே முறை வாங்கிய வீட்டை விற்கும்போது மட்டும் நிறுக்காமலே தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். இந்தக் கொடுமையைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

நம்மவர்களில் பலர் லயத்தை விட்டு வெளியேறியபோது, சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் சேர்த்து ஒரு தாமானில் மலிவு விலை வீடு வாங்கினார்கள். 1982 முதல் 1998 வரை அத்தகைய வீட்டுக்கு அரசாங்கம் விதித்த உச்ச விலை 25,000 வெள்ளி. இன்று அவர்களுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் ஷா ஆலம், ஜொகூர் பாரு என்று போய்விட்டார்கள். "வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடுங்கப்பா" என்கிறார்கள். எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, வாசலில் தரகர் வந்து நிற்கிறார். "பழைய வீடுதானுங்களே ஐயா. இருபத்தஞ்சாயிரத்துக்கு வாங்குனீங்க. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் தர்றேன். நாலு மடங்குக்கு மேல லாபம். நாளைக்கே முன்பணம்!"

தோழர்களே, இந்த "நாலு மடங்கு" என்ற சொல்தான் தூண்டில் புழு. முப்பது வருடத்துக்கு முன் கொடுத்த விலைக்கும் இன்றைய விலைக்கும் சம்பந்தமே கிடையாது. அதேபோல, சமையல்கட்டுக்கு நாம் போட்ட ஓடு, வாசலுக்கு வைத்த இரும்புக் கதவு ஆகியவற்றின் செலவையும் அப்படியே விலையில் கூட்டிவிட முடியாது. வீட்டுவரிக்காக ஊராட்சி மன்றம் போட்ட மதிப்பும் வரி வசூலுக்குப் போட்டதே தவிர, விற்பனைக்குப் போட்டதன்று.

அப்படியானால் சந்தை விலை என்பது என்ன? விற்கத் துடிக்காத ஒருவரும், வாங்கியே தீரவேண்டிய நெருக்கடி இல்லாத ஒருவரும், விவரம் தெரிந்து, இன்றைய தேதியில் எந்த விலைக்குக் கைகுலுக்குவார்களோ அதுதான். இதை வானத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நம் வரிசையிலும் பக்கத்து வரிசையிலும் அண்மையில் உண்மையாகவே விற்ற வீடுகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பலகையில் எழுதித் தொங்கவிட்ட விலை ஆசை விலை. பத்திரம் முடிந்த விலைதான் நமக்கு வேண்டும்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். நம் வரிசையில் ஒரு வீடு ஆறு மாதத்துக்கு முன் 160,000 வெள்ளிக்கு விற்றது. அதில் அனுமதி வாங்கிக் கட்டிய சமையல்கட்டு இருந்தது. நம் வீட்டில் இல்லை. ஆகவே கொஞ்சம் கழிக்க வேண்டும். மூலை வீடு 190,000 வெள்ளிக்குப் போனது. அதற்கு நிலம் அதிகம். நமக்கு அது அளவாகாது. இன்னொன்று 90,000 வெள்ளிக்குக் கைமாறியது. அது அண்ணன் தம்பிக்குக் கொடுத்தது; அதையும் ஒதுக்க வேண்டும். பின் வரிசையில் நம்முடையது போன்றதே 148,000. ஆக, நம் வீடு 145,000-க்கும் 155,000-க்கும் இடையில் நிற்கிறது. தரகர் சொன்ன 110,000-க்குத் தலையாட்டியிருந்தால் நட்டம் குறைந்தது 35,000 வெள்ளி. வீட்டை வாங்கியதே 25,000-க்குத்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். முழு வீட்டு விலைக்கும் மேலே ஒரு தொகையை வாசலிலேயே இழந்திருப்போம்!

"இதெல்லாம் நமக்கு எங்கே தெரியப்போகுது?" என்று கேட்பவர்கள் உண்டு. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நடந்து முடிந்த விற்பனைகளின் விவரங்களை நிதி அமைச்சின் கீழுள்ள சொத்து மதிப்பீட்டுத் துறையான ஜேபிபிஎச் திரட்டுகிறது. அதன் தகவல் மையமான நாப்பிக் அவற்றை வெளியிடுகிறது. படித்த பிள்ளையைக் கூப்பிட்டுக் கைப்பேசியில் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு நிறுத்தாமல், பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை அழைத்து வீட்டைப் பார்க்கச் சொல்லலாம். இப்படிப்பட்ட சிறு வீட்டுக்கு அவர் கட்டணம் சில நூறு வெள்ளி. பல ஆயிரம் வெள்ளியைக் காப்பாற்ற அது பெரிய செலவல்ல.

அடுத்தது பட்டா. நிலம் நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி? ஆண்டு குறையக் குறைய வங்கிகள் கடன் தரத் தயங்கும்; வாங்குவோரும் குறைவர்; விலையும் இறங்கும். மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் கைமாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு பட்டாவில் இருக்கிறதா? மலிவு விலை வீடுகளில் இது சாதாரணம். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நில அலுவலகத்தில் தேடல் செய்தால் இவை தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் விலை பேசுவது, பாலை நிறுத்துவிட்டு மெட்ரோலாக்கை மறந்த கதைதான்.

வேறொரு பக்கமும் உண்டு. சிலர் ஆசை மிகுதியால் இரண்டு லட்சம் என்று பிடிவாதமாக நிற்பார்கள். வாங்குபவர் கடன் கேட்டால் வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் ஒன்றரை லட்சம் என்றால் வங்கி அதை வைத்துத்தான் கடன் தரும். மீதியைக் கையிலிருந்து போட முடியாதவர் விலகிவிடுவார். மாதங்கள் ஓடும், வீடு பூட்டிக் கிடக்கும். குறைத்துச் சொல்வதும் கேடு. கூட்டிச் சொல்வதும் கேடு.

"பத்திரத்துல கம்மியா எழுதிட்டு மீதியை ரொக்கமா தர்றேன்" என்பவரிடம் மிகவும் கவனமாக இருங்கள். முத்திரை வரி, பத்திரத்தில் எழுதிய விலை, சந்தை மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன் மீதுதான். பேசிய ரொக்கம் வராமல் போனால், கையெழுத்துப் போட்ட தாள் நமக்கு எதிராகவே சாட்சி சொல்லும். சொத்து விற்ற ஆதாய வரியைக் காட்டிப் பயமுறுத்துவோரும் உண்டு. வாங்கி ஐந்து ஆண்டுக்குள் விற்றால் அந்த வரி உண்டு. ஆறாம் ஆண்டிலிருந்து விற்கும் குடிமகனுக்கு 2022 முதல் அது இல்லை. படிவம் மட்டும் கொடுக்க வேண்டும். முகவர் வைத்தால் பதிவு எண் உள்ள அட்டையைக் கேளுங்கள். அவருக்கான கட்டணம் மூன்று விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி.

நம் தொழிற்சங்கக் கிளைகளும் கோயில் நிர்வாகங்களும் இதில் கை கொடுக்க வேண்டும் என்பது நமது கருத்து. திருவிழாவுக்குப் பந்தல் போடும் இடத்தில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விவரம் தெரிந்த இளைஞர் இருவரை உட்கார வைத்தால் போதும். எத்தனையோ முதியவர்களின் வீடு தப்பும்.

1950-களின் கடைசியிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, விலை பேசிய மேசையில் நமக்கு நாற்காலி கிடையாது. காடழித்து நட்டவனுக்குத் தெரியாமலே தோட்டம் கைமாறியது. அந்த வேதனையில்தான் 1960-இல் துன் சம்பந்தன் தொழிலாளியிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இன்று விற்பது நம் வீடு. விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர்களும் நாமே. வீட்டில் அம்மாவையும் உட்கார வைத்துப் பேசுங்கள். விற்ற காசில் அடுத்து எங்கே தங்கப் போகிறோம், அங்கே வீடு என்ன விலை என்று கேட்டறிந்த பிறகே முன்பணத்தைத் தொடுங்கள்.