மலை இறங்கச் சொல்பவர்களே, எங்கள் பிள்ளைக்கு டவுனில் இடம் எங்கே?

ஜவ்வாது மலை சிறு விவசாயிகளே! தாய்மார்களே! இளைஞர்களே!

சாமை அறுத்துக் களம் காலியானதும் நம் ஊர்களில் என்ன நடக்கிறது? மேஸ்திரி வருகிறான். முன்பணம் கொடுக்கிறான். ஒரே வாரத்தில் வீட்டுக்கு வீடு பூட்டு தொங்குகிறது. முன்னே ஆம்பளை மட்டும் போனான். இப்போது புருஷன், பெண்சாதி, இடுப்பில் கைக்குழந்தை என்று குடும்பமே பஸ் ஏறுகிறது. திருப்பூர், பெங்களூரு, சென்னை என்று போகிறது.

இதைப் பார்த்துச் சிலர் சந்தோஷப்படுகிறார்கள். "டவுன்ல பள்ளிக்கூடம் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு, பிள்ளைங்க முன்னுக்கு வரும்" என்கிறார்கள். அதிகாரிகள் சொல்கிறார்கள், கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள், நம் ஆட்களே சிலர் சொல்கிறார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: டவுனில் எல்லாம் இருக்கிறது, சரி. அது நம் பிள்ளைக்கு இருக்கிறதா?

ஏன் இறங்குகிறோம்?

ஆசைப்பட்டு யாரும் இறங்கவில்லை. 2023-ஐ உலக சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்தது. மேடை போட்டுச் சாமைச் சோறு சாப்பிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மத்திய அரசு வருஷா வருஷம் அறிவிக்கும் ஆதரவு விலைப் பட்டியலில் கேழ்வரகு இருக்கிறது, சாமை இல்லை. விலை சொல்பவன் வியாபாரி, தலையாட்டுபவன் விவசாயி.

நிலத்தின் கதை என்ன? 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தை உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை, அதாவது சுமார் 10 ஏக்கர் வரை, உரிமை உண்டு என்றது. தமிழ்நாட்டில் கோர்ட் தடையால் பட்டம் வழங்குவது பல வருஷம் கிடப்பில் கிடந்தது. 2016-ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை நீக்கியது. இன்னும் எத்தனை மனு ஆபீஸ் அலமாரியில் தூங்குகிறது என்று ஒவ்வொரு ஊரும் கணக்கெடுக்க வேண்டும்.

ரோடு? 2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச்சேர ரோடு இல்லை. குழந்தை செத்தது. பிரேதத்தைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸும் பாதி வழியில் நின்றுவிட்டது. பெற்றவள் அந்த உடம்பைக் கையில் சுமந்து மலை ஏறினாள். இதைக் கேட்ட பிறகும் "மலையிலேயே இரு" என்று எந்தத் தாய்க்கு நாம் சொல்ல முடியும்?

வேறு பிழைப்பு இல்லாதவன் எங்கே போய் நிற்கிறான் என்பதும் நமக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7-ல் திருப்பதி பக்கத்துச் சேஷாசலம் காட்டில் 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஏழைகள். செம்மரம் விற்றுக் கோடி சேர்த்தவன் ஒருத்தன்கூட அந்த 20 பேரில் இல்லை.

அதனால் இறங்குகிறவர்களைச் சங்கம் குறை சொல்லவில்லை. இறங்கும்படி வைத்தவர்களைத்தான் கேட்கிறோம்.

டவுன் என்ன கொடுக்கிறது?

பத்துக்குப் பத்து ரூம். "சின்னப் பிள்ளை இருந்தா வீடு இல்ல" என்கிற வீட்டுக்காரர். பத்துக் குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ். மலையில் பிள்ளை வாசலில் விளையாடினால் ஆயா ஒரு கண், பக்கத்து வீட்டு அத்தை ஒரு கண் என்று ஊரே பார்த்துக்கொள்ளும். டவுனில் யார் பார்ப்பது? கட்டட வேலைக்குப் போனால் பிள்ளை மணல் மேட்டில் கிடக்கிறது. கம்பெனி வேலைக்குப் போனால் கேட்டுக்குள் பிள்ளையை விடமாட்டார்கள். வழியில்லாமல் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிற தாயின் வயிறு எப்படி எரியும்!

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒன்பது வயது அக்காள் பள்ளிக்கூடத்தை விட்டுக் கூடவே வருகிறாள். உண்டு உறைவிடப் பள்ளியில் மூன்று வேளை சாப்பிட்டுப் படித்துக்கொண்டிருந்த பெண், டவுனில் சம்பளமில்லாத ஆயாவாகிறாள். திரும்பி வரும்போது வகுப்பு போய்விட்டது, வெட்கத்தில் பள்ளிக்கே போகமாட்டேன் என்கிறாள். ஒரு பிள்ளையின் எதிர்காலத்துக்கு என்று இறங்கி, இரண்டு பிள்ளையின் எதிர்காலத்தை அடகு வைக்கிறோம். லாபம் யாருக்கு? கூலியைக் குறைத்துக் கொடுக்கிறவனுக்கு!

சட்டம் இல்லையா?

இருக்கிறது. பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமும் சொன்னது, 1996 கட்டடத் தொழிலாளர் சட்டமும் சொன்னது. இப்போது வந்திருக்கும் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் காப்பகம் இருக்கிறது. காகிதத்தில் தொட்டில் ஆடுகிறது, கட்டடத்தில் ஆடவில்லை!

இறங்குகிற குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்:

ரேஷன்: 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடையிலும் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். மாநிலம் தாண்டினால் முன்னுரிமை அட்டைக்கும் அந்தியோதயா அட்டைக்கும் மட்டும்தான் கிடைக்கும்.

அங்கன்வாடி: ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை இலவச உணவு 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பிள்ளையின் உரிமை. "நீ வெளியூர்" என்று தள்ளினால் விடாதீர்கள். தடுப்பூசி அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள்.

பள்ளி: 2009 கல்வி உரிமைச் சட்டப்படி டி.சி. வர லேட் ஆகிறது என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது.

சாதிச் சான்று: நம் மலையாளி பழங்குடிச் சான்று தமிழ்நாட்டுப் பட்டியல்படி வருவது. கர்நாடகத்தில் அது செல்லாது. அங்கேயே பிள்ளையைப் படிக்கவைக்கும் முன் யோசியுங்கள்.

முன்பணம்: கடனைக் காட்டி ஆளைப் பிடித்துவைப்பது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனே செல்லாது. கோட்டாட்சியரிடமோ கலெக்டரிடமோ புகார் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098-க்குப் போன் போடுங்கள்.

நம் கோரிக்கைகள்

1. சாமைக்கு ஆதரவு விலை அறிவித்து, மலையிலேயே அரசு கொள்முதல் செய்ய வேண்டும்.

2. நிலுவையிலுள்ள வன உரிமை மனுக்களை விசாரித்துப் பட்டம் வழங்க வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

3. ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ஆம்புலன்ஸ் போகும் ரோடு வேண்டும். மலை ஆஸ்பத்திரிகளில் ராத்திரியிலும் டாக்டரும் பாம்புக்கடி மருந்தும் இருக்க வேண்டும்.

4. அறுவடை முடிந்த மாதங்களில் ஊரிலேயே அரசு வேலை தர வேண்டும். வேலை செய்யும் இடத்தில் பிள்ளை பார்க்க ஆள் போட வேண்டும்.

5. பெற்றோர் வெளியூர் போகும் மாதங்களில் பள்ளிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கப் பருவகால விடுதி திறக்க வேண்டும்.

6. நம் குடும்பங்கள் வேலை செய்யும் நகரங்களில் காப்பகச் சட்டத்தை அமல்படுத்த வேண்டும். அமல்படுத்தாத முதலாளி மீது வழக்குப் போட வேண்டும்.

விவசாயிகளே! ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 — வருஷத்தில் ஆறு கிராம சபை. கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்ப விடாதீர்கள். இந்த ஆறு கோரிக்கையையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதும் வரை எழுந்திருக்காதீர்கள். தாய்மார்கள் பிள்ளைகளோடு வந்து முன்வரிசையில் உட்காருங்கள். யாருக்காகக் கேட்கிறோம் என்று அதிகாரிகள் கண்ணால் பார்க்கட்டும்!

டவுனுக்குப் போவது நம் விருப்பமாக இருக்கட்டும், விதியாக இருக்க வேண்டாம்.

சாமைக்கு விலை கொடு! உழுதவனுக்கு நிலம் கொடு!
மலைக்கு ரோடு போடு! எங்கள் பிள்ளையை வாழ விடு!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்