மூங்கிலைத் துளைக்கும் கருவண்டு: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: மாட்டுக்கொட்டகை மூங்கில்களைப் பெரிய கருவண்டுகள் துளைக்கின்றன. அருகிலேயே கத்திரித் தோட்டம் உள்ளது. இவை பயிரைத் தாக்குமா, ஆளைக் கொட்டுமா? என்ன மருந்து அடிக்கலாம்?
– வாசகர், மூங்கில்துறைப்பட்டு, கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பதில்: மருந்து வேண்டாம். கொட்டகையில் அடிக்கும் விஷம் மாட்டின் தீவனத்திலும் படியும். மேலும், இது வண்டே அல்ல. கத்திரிக்கு உதவும் தச்சன் தேனீ.

அடையாளம் காண்பது எளிது. தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டுக்கு முதுகில் ஓடு போன்ற கெட்டியான மேலிறக்கை இருக்கும். அது இரவில் பறக்கும். தச்சன் தேனீ பகலில் பூவுக்குப் பூ தாவும். மெல்லிய இறக்கைகள் வெயிலில் நீலமும் ஊதாவுமாக மின்னும். படங்களில் பார்க்கும் 'பம்பிள் பீ' என்று சிலர் நினைப்பதுண்டு. அதற்கு வயிறு முழுக்க ரோமம், கூட்டமாக வாழும், நம் நாட்டில் இமயமலைப் பக்கம்தான் அதிகம். தச்சன் தேனீயின் வயிறு மேற்புறம் வழுவழுப்பாகப் பளபளக்கும்.

பெண் தேனீதான் துளையிடும். மரத்தை அது தின்பதில்லை. உள்ளே மகரந்தமும் பூந்தேனும் கலந்த உருண்டை வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, மரத்தூளால் தடுப்பு கட்டும். முகத்துக்கு நேரே வந்து ரீங்காரமிட்டு மிரட்டுவது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்தாலோ நசுக்கினாலோதான் கொட்டும்.

கத்திரிப் பூவின் மகரந்தப் பை, பவுடர் டப்பா போல நுனியில் மட்டும் துளை உள்ளது. தச்சன் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். பெட்டியில் வளர்க்கும் தேனீயால் இது முடியாது. துவரை, சணப்புப் பூக்களுக்கும் இது வரும்.

செய்ய வேண்டியவை:

* பாரம் தாங்கும் மூங்கில் பல இடத்தில் துளைபட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். புதியதற்கு பெயின்ட் பூசுங்கள்.
* பல வாரம் நடமாட்டமே இல்லாத துளைகளைக் களிமண்ணால் அடையுங்கள்.
* வேலியோரம், மழை படாத இடத்தில் காய்ந்த மூங்கில் துண்டுகளைப் படுக்கைவாட்டில் கட்டிவைத்தால் அவற்றில் கூடு வைக்கும்.
* கத்திரியில் தண்டு, காய்த்துளைப்பானுக்கு வாடிய நுனிகளைக் கிள்ளி அழித்து, இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். மருந்து தவிர்க்க முடியாவிட்டால், தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு மாலையில் அடியுங்கள்.