சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே

சுவாமிமலைச் சிற்பிகள் வார்க்கும் மரபான தெய்வத் திருமேனிகள் உள்ளே கூடாக இருப்பதில்லை. மெழுகு உருவின் மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தை உலோகத்தால் நிரப்புகிறார்கள். புறத்தே எதுவோ, அகத்தேயும் அதுவே. மனிதனின் சமய நம்பிக்கையும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆலயத்தில் ஒரு முகம், அங்காடியில் வேறொரு முகம் என்றிருப்பது நம்பிக்கை ஆகாது.

கிறிஸ்தவ சமயத்தில் இக்கருத்தை வற்புறுத்துவது யாக்கோபின் நிருபம். அதை வாழ்ந்து காட்டிய ஒருவரைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1726இல் ஜெர்மனியில் பிறந்து, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1798இல் தஞ்சையில் மறைந்த சுவார்ட்ஸ் பாதிரியாரே அவர்.

ஐதர் அலியின் படையெடுப்பை அடுத்து, 1781ஆம் ஆண்டையொட்டித் தஞ்சைச் சீமையைப் பஞ்சம் வாட்டியது. கோட்டைக்குள் மக்கள் பட்டினியால் மடிந்தனர். வெளியூர்களில் நெல் இருந்தது; சுமந்து வர மாடுகள்தாம் கிடைக்கவில்லை. கூலி கைக்கு வரும் என்ற நம்பிக்கை குடியானவர்களுக்கு இல்லை. அரசாணைக்கு அசையாத அவர்கள், கூலிக்குத் தாம் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்னதும் ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளை அனுப்பினர். உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிரைத் துச்சமென மதித்து ஊர்களுக்குச் சென்றனர். 80,000 கலம் கோட்டைக்கு வந்து சேர்ந்தது. சுவார்ட்ஸும் சொன்னபடி அனைவருக்கும் கூலி கொடுத்தார்.

'அவர் கும்பெனியாருக்காக ஐதரிடம் தூது சென்றவர் அல்லவா?' என்று கேட்கலாம். ஆம், 1779இல் சென்றார். அந்நிய ஆட்சியின் நிழல் அவர் மேல் படிந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மாடு கொடுத்த உழவன் கும்பெனியையும் பார்க்கவில்லை, சமயத் தத்துவத்தையும் ஆராயவில்லை. 'இவர் சொன்னால் கொடுப்பார்' என்ற ஒன்றே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அவர் பாதுகாப்பில் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர் இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார். எனினும் அவர் நினைவாகப் பளிங்குச் சிற்பம் செய்வித்தார். தஞ்சைத் தேவாலயத்தில் இன்றும் அதைக் காணலாம்.

தோழர்களே! இன்று நம் நாட்டில் நெல்லுக்குப் பஞ்சமில்லை. சொன்ன சொல்லுக்குத்தான் பஞ்சம். அறுப்புக்கு வந்தவருக்கு அன்றைக்கே கூலி கொடுப்பதும், அளவில் குறை வைக்காதிருப்பதும், தேர்வில் அடுத்தவர் தாளைப் பாராதிருப்பதும், நூலகப் புத்தகத்தின் ஏட்டைக் கிழிக்காதிருப்பதும் சிறு செயல்களே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு மெய்யா, பொய்யா என்பது திங்கட்கிழமைச் செயல்களில்தான் தெரியும். கிறிஸ்தவருக்கு மட்டுமன்று, மலையேறி முருகனை வணங்குவோருக்கும், பள்ளிவாசலில் தொழுவோருக்கும் இதுவே உரைகல்.