அடுப்படிக்கு வெளியே நாலு நாள்

"என் பெண் சேவை செய்ய வெளிநாட்டுக்குப் போகிறாள். அங்கே ஒரு குடும்பத்தோடு மூன்று மாதம் தங்க வேண்டுமாம். முன்பின் தெரியாத வீட்டில் எப்படித்தான் இருப்பாளோ?" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கவலைப்படாதீர்கள் அம்மா என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். நானே அப்படிப் போய்த் தங்கியவள்; அதனால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கொஞ்சம் கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் நினைக்கிற விஷயத்துக்காக அல்ல.

2013-ல், பிள்ளைகள் இருவரும் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, நேபாளத்தில் ஒரு மலைக் கிராமப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கப் போனேன். காத்மாண்டுவுக்குக் கிழக்கே காவ்ரே மாவட்டம். நமக்கு அங்கே போக விசா வேண்டாம் என்பதால் என் வீட்டுக்காரரும் "போய்த்தான் வாயேன்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போது வயது 46.

தங்கியது ஒரு பிராமணக் குடும்பத்தில். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடு. அம்மாவை அங்கே 'ஆமா' என்பார்கள். ஆமா, அவர் கணவர், மருமகள், நாலு மாதக் கைக்குழந்தை. மகன் கத்தாரில் வேலை. எனக்கு அரைகுறை ஹிந்தி, அவர்களுக்கு அரைகுறை ஹிந்தி; மீதிக்குக் கையும் கண்ணும்.

பத்து மணிக்குள் ஒரு முறை பருப்பும் சோறும், ராத்திரி ஒரு முறை பருப்பும் சோறும். 'தால் பாத்' என்று பெயர். கூட ஒரு கீரை, முள்ளங்கி ஊறுகாய். கரண்டி தட்டில் படக்கூடாது. பட்டால் 'ஜூட்டோ', அதாவது எச்சில். 'அட, நம் பாட்டி வீடுதான்!' என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் தப்புப் பண்ணினேன். இரண்டாம் நாளே, உதவி செய்கிறேன் பேர்வழி என்று நேராக அடுப்பு மூலைக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் தொட்டுவிட்டேன். ஆமா ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சோறு மட்டும் மாட்டுக்குப் போயிற்று. வெளியாள் சமைத்த சோற்றைத் தொடக்கூடாதாம். எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. வெள்ளைக்காரி யாராவது போயிருந்தால் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருப்பாள். எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவள்தான் மாட்டிக்கொள்கிறாள்.

அப்புறம் மெல்ல மெல்ல ஆமாவே என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக் கொண்டார். கீரை ஆய்ந்து கொடுப்பேன். மருமகளுக்கு ஓமம் போட்டு ஒரு ரசம் வைப்பார்கள்; பால் சுரக்குமாம். பிள்ளை பெற்றவளுக்கு ஓமம் என்று அங்கேயும் தெரிந்திருக்கிறதே என்று வியந்து போனேன்.

மூன்றாவது வாரம் எனக்கு 'அந்த' மூன்று நாள் வந்தது. அந்த வீட்டில் விலக்கானால் நாலு நாள் அடுப்படிக்கும் பூஜை மூலைக்கும் போகக்கூடாது. என் வீட்டில் அதையெல்லாம் விட்டு இருபது வருஷம் ஆயிற்று. சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் தெரியாமல் அவர்கள் சாமிக்கு முன்னால் என்னை உட்கார வைப்பார்களே, அது என்ன நியாயம்? ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, காலையில் ஆமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் என் கையைத் தொடப் போனவர், நிறுத்திக்கொண்டு சிரித்தார். வாசல் திண்ணையில் எனக்குத் தனித் தட்டு வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நேபாளத்தின் மேற்குக் கோடியில் இந்த நாட்களில் பெண்ணைக் கொட்டிலில் படுக்க வைக்கிற வழக்கம் உண்டு, 'சௌபடி' என்று. குளிரிலும் புகையிலும் பாம்புக்கடியிலும் பெண்கள் செத்திருக்கிறார்கள். 2005-லேயே அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. 2017-ல் இயற்றிய சட்டப்படி அது குற்றம். மூன்று மாதச் சிறை அல்லது 3,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அப்படிப்பட்ட வீடாயிருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பேன். நான் இருந்த வீட்டில் என் அறை எனக்கு இருந்தது, கட்டில் இருந்தது. அதனால் பொறுத்தேன்.

திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அதுவரை எனக்கு முதல் பந்தி, விருந்தாளி அல்லவா? சாப்பிட்டதும் ரூமுக்குப் போய்விடுவேன். இப்போதுதான் பார்த்தேன். பெரியவர் சாப்பிட்டு, ஆமா சாப்பிட்டு, கடைசியில் அந்தப் பெண் உட்காருகிறாள். பருப்பு தண்ணீராய் அடியில் கிடக்கிறது. கீரை இருந்தால் உண்டு. பால் கொடுக்கிறவளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக வேண்டும். இவளோ ஆறின சோற்றை ஊறுகாயோடு பிசைந்துகொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது ஏன் என்று அப்போது புரிந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சோறு போடுகிறவரிடம் போய், 'உங்கள் மருமகளைப் பட்டினி போடுகிறீர்கள்' என்று எப்படிச் சொல்வது? நான் மூன்று மாதத்தில் கிளம்பிவிடுவேன். பேச்சு வாங்கப் போகிறவள் அவள். யோசித்து, "ஆமா, தனியாகச் சாப்பிட்டால் எனக்கு இறங்க மாட்டேன் என்கிறது. உங்கள் மருமகளோடு கடைசியில் சாப்பிடட்டுமா?" என்றேன். ஆமா என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி" என்றார்.

விருந்தாளிக்கு அடிப்பருப்பை ஊற்ற முடியுமா? கெட்டிப் பருப்பு தனியாக எடுத்து வைக்கப்பட்டது. கீரையும், ஒரு கரண்டி நெய்யும் வந்தன. எனக்கு வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவளுக்கு வைக்காமல் இருக்க ஆமாவுக்குக் கை வரவில்லை. நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன். "இனி உள்ளே வரலாமே" என்றார். "பழகிவிட்டது ஆமா" என்று அதே கடைசிப் பந்தியிலேயே கடைசி வரை இருந்துவிட்டேன். பசி தாங்காது, ஒத்துக்கொள்கிறேன். பையில் பிஸ்கட் வைத்திருந்தேன்.

அந்த வாசகியின் பெண்ணுக்கு இரண்டு சொல்லி அனுப்பலாம். அந்த நாட்களுக்கு வேண்டியதை மூன்று மாதத்துக்கும் இங்கிருந்தே எடுத்துப் போகட்டும். போட்டதைக் கொல்லையில் வீசாமல், எங்கே போடுவது என்று அந்த வீட்டுப் பெண்களில் ஒருத்தியைக் கேட்கட்டும். மற்றதெல்லாம் போனால் தெரிந்துவிடும்.

கிளம்புகிற அன்று ஆமா நெற்றியில் டீகா இட்டார். அரிசியும் தயிரும் குங்குமமும் கலந்தது. இட்டுக்கொண்டே, "பஹினி, நீ ஏன் அவளோடு உட்கார்ந்தாய் என்று எனக்குத் தெரியாதா? என் மாமியார் வீட்டுக்கு அப்படி ஒரு விருந்தாளி வரவில்லை" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

2015 ஏப்ரல் 25, நேபாளத்தில் பூகம்பம். பகல் பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது. அன்று சனிக்கிழமை, அங்கே பள்ளி விடுமுறை. எத்தனை பிள்ளைகள் அதனால் பிழைத்தார்களோ! காவ்ரேயிலும் வீடுகள் விழுந்தன என்று செய்தி. மூன்றாம் நாள்தான் லைன் கிடைத்தது. எடுத்தது மருமகள். எல்லோரும் வயலில் இருந்தார்களாம். வீடு மட்டும் போய்விட்டது. குழந்தை பின்னால் கத்திக்கொண்டிருந்தது. "தீதி, சாப்பிட்டாயா?" என்று அவள் என்னைக் கேட்கிறாள்! "நீ சாப்பிட்டாயா, அதைச் சொல்" என்றேன். தார்பாலின் கூடாரத்தில் ஒரே அடுப்பாம். எல்லோரும் ஒன்றாகத்தான் உட்காருகிறார்களாம்.

ஆமா போனைப் பிடுங்கிக்கொண்டார். வீடு போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊறுகாய் ஜாடி அத்தனையும் உடைந்து போயிற்று என்று ஒரே புலம்பல்.