ஆறு வயதுப் பிள்ளைக்கு கோடிங்கா? பயத்தை விலை கொடுத்து வாங்காதீர்கள்!



உங்கள் கடைக்கு ஒருவன் சரக்கு கொண்டு வருகிறான். "இதை வாங்காவிட்டால் உன் கடை நாளைக்கே மூடிப் போகும்" என்று மிரட்டுகிறான். என்ன செய்வீர்கள்? மூட்டையைப் பிரிப்பீர்கள். ஒரு பிடி அள்ளிப் பார்ப்பீர்கள். பக்கத்துக் கடையில் விலை விசாரிப்பீர்கள். பத்து ரூபாய் சரக்கில் இவ்வளவு உஷாராக இருக்கும் நாம், பிள்ளையின் படிப்பு என்று வந்தால் மட்டும் மூட்டையைப் பிரிக்காமலேயே பணத்தை எண்ணிக் கொடுக்கிறோமே, ஏன்?

"ஒன்றாம் வகுப்பிலிருந்தே கோடிங்!" என்று பள்ளிக்கூடங்கள் பேனர் கட்டுகின்றன. அதற்குத் தனிக் கட்டணம் வசூலிக்கின்றன. "இப்போதே சேர்க்காவிட்டால் உங்கள் பிள்ளை பின்தங்கிவிடும்" என்று போன் மேல் போன் வருகிறது. வாருங்கள், இந்த மூட்டையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்!

கோடிங் என்பது என்ன?

ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, எது முதலில், எது பிறகு, எந்த நிபந்தனை இருந்தால் எந்தப் பக்கம் போவது என்று தெளிவாகக் கட்டளை எழுதுவதுதான் கோடிங். அந்தக் கட்டளை வரிசைக்கு 'அல்காரிதம்' என்று பெயர். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? கலீஃபா மஃமூன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மியின் பெயர் லத்தீனில் திரிந்து வந்த சொல் அது! 'அல்ஜீப்ரா' என்ற சொல்லும் அவருடைய நூலின் தலைப்பிலிருந்து வந்ததே.

அந்த நூலில் அவர் எதற்கெல்லாம் கணக்குப் போட்டார்? வியாபாரத்துக்கு, நில அளவைக்கு, பெரும்பகுதி வாரிசுப் பங்கீட்டுக்கு! ஒருவர் இறந்தால் முதலில் அடக்கச் செலவு. அடுத்து கடன். அடுத்து மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத். மீதிதான் வாரிசுகளுக்கு. பிள்ளை இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. இல்லாவிட்டால் நான்கில் ஒன்று. படி மாறினாலும் தவறு, நிபந்தனையைக் கவனிக்காவிட்டாலும் தவறு. மத்ரஸாவில் ஃபராயிள் படித்த எந்த மாணவனுக்கும் இந்த ஒழுங்கு அத்துபடி.

ஆகவே, கோடிங் என்றதும் ஏதோ நமக்கு எட்டாத மாய வித்தை என்று மிரளவும் வேண்டாம். நமக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுங்கவும் வேண்டாம்!

பயத்தை விற்றவர்களின் கதை

2020ல் ஊரடங்கு நேரம். பிள்ளைகள் வீட்டில் அடைபட்டுக் கிடந்தார்கள். அப்போது 'ஒயிட்ஹேட் ஜூனியர்' என்ற நிறுவனம் ஆறு வயதிலிருந்தே கோடிங் என்று விளம்பர மழை பொழிந்தது. 'உல்ஃப் குப்தா' என்ற சிறுவன் கோடிங் படித்தானாம்; கூகுளில் வேலை கிடைத்ததாம். சம்பளம்? ஒரு விளம்பரத்தில் ஒரு கோடியே 20 லட்சம். இன்னொன்றில் 20 கோடி! வயதும் விளம்பரத்துக்கு விளம்பரம் மாறியது. கடைசியில் என்ன ஆயிற்று? அப்படி ஒரு சிறுவனே கிடையாது, கற்பனைப் பாத்திரம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது!

விளம்பரத் தர கவுன்சில் தலையிட்ட பிறகு ஐந்து விளம்பரங்கள் வாபஸ் பெறப்பட்டன. விமர்சித்த ஒரு பொறியாளர் மீது 20 கோடி ரூபாய் கேட்டு டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2021ல் அதையும் வாபஸ் வாங்கினார்கள். அந்த நிறுவனத்தை 2020 ஆகஸ்டில் 30 கோடி டாலருக்கு வாங்கியது பைஜூஸ். பெற்றோரைக் கடன் ஒப்பந்தத்தில் சிக்க வைத்துப் பாடம் விற்கிறார்கள் என்ற புகாரில் 2022 டிசம்பரில் குழந்தைகள் உரிமை ஆணையம் பைஜூஸ் தலைவருக்கு சம்மன் அனுப்பியது. 2024 ஜூலையில் பைஜூஸே திவால் நடவடிக்கைக்குள் தள்ளப்பட்டது.

பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கணித்துச் சொன்னவர்களுக்குத் தங்கள் எதிர்காலம் தெரியவில்லை! கல்லாவில் காசில்லாமல் மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போட்ட தகப்பன்மார்களின் கதி என்ன? வட்டியை அஞ்சி ஒதுங்கும் சமுதாயம், படிப்பு என்ற பெயரில் வந்தால் மட்டும் கடன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடலாமா? இப்போது அதே சரக்குக்கு 'ஏ.ஐ.' என்று புது லேபிள் ஒட்டுகிறார்கள். கம்ப்யூட்டரே கோடிங் எழுதித் தரும் காலம் இது. அது எழுதியது சரியா தவறா என்று சோதிக்கும் புத்திதான் இனி தேவை. அந்தப் புத்தி பேனர் கட்டியதால் வந்துவிடுமா?

அப்படியானால் வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. சிறு பிள்ளைகளுக்கென்றே 'லோகோ' என்ற கம்ப்யூட்டர் மொழி 1967லேயே அமெரிக்காவில் உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சேமூர் பேப்பர்ட் விரும்பியது, பிள்ளை கம்ப்யூட்டருக்குக் கட்டளையிட வேண்டும். கம்ப்யூட்டர் பிள்ளையை ஆட்டிவைக்கக் கூடாது என்பதே. 2007ல் வந்த 'ஸ்கிராட்ச்' எட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு. 2014ல் வந்த 'ஸ்கிராட்ச் ஜூனியர்' ஐந்து முதல் ஏழு வயது வரை. இரண்டும் இலவசம்! தமிழ்ப் பிள்ளைகளை எண்ணி உருவான 'எழில்' என்ற நிரல்மொழியும் இருக்கிறது. ஊரெல்லாம் இலவசமாகக் கிடைப்பதைத்தான் ஆயிரக்கணக்கில் வாங்கிக் கொண்டிருக்கிறோம்!

இங்கிலாந்து 2014 செப்டம்பர் முதல் ஐந்து வயதிலிருந்தே இதைக் கட்டாயப் பாடமாக்கியது. மூன்றே ஆண்டில், 2017ல், சொல்லித்தர ஆசிரியர் போதவில்லை என்று ராயல் சொசைட்டி அறிக்கை கொடுத்தது. அதன்பின் ஆசிரியர் பயிற்சிக்காக அரசு 8 கோடியே 40 லட்சம் பவுன் ஒதுக்க வேண்டி வந்தது. பணக்கார நாட்டுக்கே இந்த நிலை என்றால், நம் தெருப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருபவர் யார் என்று நாம் கேட்க வேண்டாமா? 2020 தேசியக் கல்விக் கொள்கையில் நமக்கு ஆயிரம் மாறுபாடுகள் உண்டு. ஆனால் கோடிங்கை 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் தொடங்க வேண்டும் என்றுதான் அதுவே சொல்கிறது!

முதலில் எது?

கிராமப்புற இந்தியாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 27.1 சதவீதம், கழித்தல் கணக்குப் போட முடிந்தவர்கள் 33.7 சதவீதம் என்கிறது 2024 'அசர்' ஆய்வு. நான்கில் மூன்று பிள்ளை வாசிக்கத் தடுமாறும்போது கோடிங் எந்த அஸ்திவாரத்தில் நிற்கும்? வாசிக்கத் தெரியாதவன் கட்டளை எழுதுவானா? கழிக்கத் தெரியாதவன் நிபந்தனையைச் சோதிப்பானா?

நாம் செய்ய வேண்டியது

வியாபாரிகளே! இன்றிரவு பிள்ளையை அருகில் உட்கார வையுங்கள். ஒரு தாளும் கொஞ்சம் பருப்பும் கொடுத்து, "பொட்டலம் மடிப்பது எப்படி? நீ சொல், நான் செய்கிறேன்" என்று கேளுங்கள். அவன் சொன்னதை மட்டும் செய்யுங்கள். "மடி" என்றால் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பருப்பு கொட்டும், பிள்ளை சிரிப்பான், பிறகு யோசிப்பான். விட்ட படியைக் கண்டுபிடித்துத் திரும்பச் சொல்வான். இதுதான் கோடிங்கின் முதல் பாடம்! கட்டணம் ஒரு பைசா இல்லை.

பள்ளி நிர்வாகத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். சொல்லித்தருபவர் என்ன படித்தவர்? இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குக் கட்டணம்? என் பிள்ளை இந்த வருடம் தானே யோசித்து எதைச் செய்து காட்டுவான்? பதில் இல்லையா? பணமும் இல்லை என்று சொல்லுங்கள்!

இளைஞர்களே! உங்களில் கம்ப்யூட்டர் படித்தவர்கள் எத்தனை பேர்! வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு பழைய லேப்டாப் போதும். ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஜமாஅத் நூலகத்தில் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கதவைச் சாத்தாதீர்கள். பெண் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் அறை பூட்டிக் கிடந்தால் மனு எழுதுங்கள். திறக்கும்வரை விடாதீர்கள்!

அல்குவாரிஸ்மியின் பெயரைச் சொல்லி மேடையில் பெருமை பேசுவது சுலபம். அவர் கணக்கைப் போல நம் பிள்ளையும் ஒரு கணக்கைப் படிப்படியாகப் போட்டு முடிக்கிறானா என்று பார்ப்பதுதான் சிரமம். அந்தச் சிரமத்தை நாமே ஏற்போம். பயத்தை விற்பவனிடம் நம் கல்லாச் சாவியைக் கொடுக்க மாட்டோம், இன்ஷா அல்லாஹ்!